மலை நீர்த்தேக்கத்தில் ட்ரவுட்: வளர்ந்த மீனா, விரலளவுக் குஞ்சா, ஓடையில் தானாகப் பெருகுவதா?

நீர்ப்பரப்பு, மீன் விலை, லாரி வாடகை எல்லாம் போட்டுப் பார்த்த பிறகும் முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காக இது. இடம், நீலகிரி, மூணாறு, நுவரெலியா மாதிரி மலைகளில் 1800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரு நீர்த்தேக்கம். மீன், வானவில் ட்ரவுட். பிடிக்கிற அளவுக்கு வளர்ந்த மீனையே வாங்கி விடலாம். விரலளவுக் குஞ்சை விட்டு அங்கேயே வளரவிடலாம். ஓடைகளைச் சரிசெய்து மீன் தானாகப் பெருக வழி பண்ணலாம். எதைச் செய்வது?

எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் தண்ணீருக்கு எது ஒத்துவராது என்பதை மட்டும் ஒரு வெப்பமானி, ஒரு ஆக்சிஜன் மீட்டர், ஒரு கயிறு வைத்துக்கொண்டு ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிட்டு நேரே குஞ்சு விலை விசாரிக்கப் போகிறார்கள்.

ட்ரவுட் இந்த மலைகளின் மீன் அல்ல. 1860களில் மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், நிலைக்கவில்லை. 1907 வாக்கில் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ட்ரவுட் இங்கே கால் ஊன்றியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகள் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு வந்த குந்தா மின்திட்டத்தில் எழுந்தவை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அணை கட்டியது மின்சாரத்துக்கு, மீனுக்கு அல்ல. மீன் அங்கே குடியிருப்பவர், வீட்டுக்காரர் மின்வாரியம். எப்போது தண்ணீரை இறக்குவது என்று உங்களைக் கேட்க மாட்டார்கள்.

## முதலில் பார்க்க வேண்டியவை

கோடைத் தண்ணீர். வானவில் ட்ரவுட் நன்றாகத் தின்று வளர்வது 12 முதல் 16 டிகிரி வரை. 20ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25ஐ நெருங்கினால் சாகும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும், 5க்குக் கீழே போனால் திணறும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறைவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 20 டிகிரித் தண்ணீர் கடல் மட்டத்தில் சுமார் 9 மில்லிகிராம் தாங்கும். 2000 மீட்டரில் அதே தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் 7 சொச்சம்தான். வெப்பத்திலும் ஆக்சிஜனிலும் சேர்த்து அடி வாங்க இடம் இருக்கிறது.

அளக்கும் முறை எளிது. கயிற்றில் ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு கல்லும், தக்கை அடைத்த கண்ணாடிப் பாட்டிலும் கட்டுங்கள். தக்கைக்குத் தனி நூல். வேண்டிய ஆழம் போனதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே போகும். மேலே இழுத்தவுடன் வெப்பத்தைப் பாருங்கள், தாமதித்தால் வெயில் எண்ணை மாற்றிவிடும். ஆக்சிஜன் அளக்க மட்டும் பாட்டில் உதவாது, நிரம்பும்போதே காற்று கலந்துவிடும். மீட்டரின் கம்பியையே அந்த ஆழத்துக்கு இறக்குங்கள். மழைக்கு முந்தைய மே மாதப் பிற்பகலில், அணையின் ஆழமான இடத்தில் அளக்க வேண்டும். இப்படி ஒரு பட்டியல் வந்ததாக வைத்துக்கொள்வோம்:

| ஆழம் (மீட்டர்) | வெப்பம் (டிகிரி) | ஆக்சிஜன் (மி.கி./லி.) |
|---|---|---|
| 0 | 21.5 | 6.8 |
| 3 | 21 | 6.5 |
| 5 | 18.5 | 5.5 |
| 6 | 16 | 3.5 |
| 8 | 13.5 | 1 |

8 மீட்டரில் 13.5 டிகிரி என்றதும் சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அங்கே மூச்சுவிட முடியாது. மேலே மூச்சு இருக்கிறது, சூடு தாங்காது. நடுவில் ஒரு மீட்டர் தடிமனுக்குள் எல்லா மீனும் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து மின் உற்பத்திக்குத் தண்ணீரை இறக்கினால் அந்த அடுக்கும் மெலியும். இப்படிப்பட்ட தண்ணீரில் மீன் ஆண்டு முழுக்க வாழும் என்று கணக்குப் போடவே கூடாது.

மறுகால், அதாவது அணை நிரம்பி வழிவது. நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை என்பது விளையாட்டல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அணை மறுகால் பாயும்போது மேல்மட்டத்தில் திரியும் ட்ரவுட் அதோடு போய்விடும். மின்நிலையத்துக்குப் போகும் சுரங்க வாயில் இன்னொரு ஓட்டை. அங்கே குப்பை தடுக்கும் கம்பிச் சட்டம் இருக்கும், அது குஞ்சைத் தடுக்காது.

ஏற்கெனவே இருப்பவை. கெண்டை, திலேப்பியா, நீர்க்காகம், நீர்நாய் இவற்றில் எவை உங்கள் தண்ணீரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

யார் வருவார்கள், எத்தனை பேர். சாலையோரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு நாள் தூண்டில் சீட்டு கொடுப்பதும், இருபது பேர் கொண்ட கிளப் ஆண்டு முழுக்கப் பிடிப்பதும் வேறு வேறு தொழில்.

அனுமதி. வனத்துறை, மீன்வளத்துறை, அணை யாருடையதோ அவர்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் வரும் தண்ணீருக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது.

இனி 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## வளர்ந்த மீனை விடுவது

25 முதல் 27 சென்டிமீட்டர், ஒன்று சுமார் 200 கிராம். 800 மீன் என்றால் 160 கிலோ.

160 கிலோ உயிர் மீனை மலைச்சாலையில் ஏற்றுவதுதான் இதில் உண்மையான செலவு. ஆக்சிஜன் போகும் தொட்டியில் 100 லிட்டருக்கு 10 கிலோ என்பது பத்திரமான அளவு, ஆக 1600 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த மீன் தொட்டியிலேயே கழிந்து தண்ணீரைக் கெடுக்கும். லிட்டருக்கு 3 கிராம் உப்பு, அதாவது தொட்டிக்கு 5 கிலோ, மீனின் அதிர்ச்சியைக் குறைக்கும். அயோடின் சேர்க்காத கல்லுப்பு போதும். தண்ணீர் 8 முதல் 10 டிகிரியில் இருக்கட்டும். டிரைவர் டீ குடிக்க நிறுத்தினாலும் சிலிண்டர் குமிழி விடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தச் சரக்கும் செத்துப்போகும் சம்பவங்கள் பெரும்பாலும் இப்படி ஒரு நிறுத்தத்தில்தான் நடக்கின்றன.

இறக்கும்போது அவசரம் கூடாது. தொட்டி 10 டிகிரி, அணை 16 டிகிரி என்றால் சிறிய பம்பில் அணைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டு, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சமன் செய்ய வேண்டும். தொட்டியிலிருந்து நேரே கவிழ்த்தால் அன்றைக்கு எல்லாம் நீந்திப் போவதுபோலத்தான் தெரியும். மூன்றாம் நாள் கரை ஒதுங்கும்.

பண்ணை மீன் பயமறியாதது. விட்ட இடத்தைச் சுற்றியே கூட்டமாகத் திரியும், எதைப் போட்டாலும் கடிக்கும். சீட்டு வாங்கி வந்தவருக்கு அது கொண்டாட்டம், நீர்க்காகத்துக்கும் அதேதான். ஆகவே 800ஐயும் ஒரே நாளில் விடாமல், 200 வீதம் நான்கு தடவை, மூன்று வார இடைவெளியில், வெவ்வேறு கரைகளில் விடுங்கள். லாரி வாடகை நான்கு மடங்காகும். இதுதான் மதிப்பீட்டுத் தாளில் யாரும் எழுதாத செலவு. சிமென்ட் தொட்டியில் வளர்ந்த மீனுக்குத் துடுப்பு தேய்ந்து மொட்டையாக இருக்கும். விவரம் தெரிந்த தூண்டில்காரர் முதல் மீனிலேயே கண்டுபிடித்து முகம் சுளிப்பார்.

மே மாதத்தில் மீன் வாழ முடியாத தண்ணீருக்கு இது ஒன்றே வழி. நவம்பரில் தொடங்கி ஜனவரி முடிவதற்குள் விட்டு, மார்ச் முடிவதற்குள் பிடித்துத் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்து அடுத்த ஆண்டு பெரிதாகும் என்று காத்திருப்பது வீண்.

## விரலளவுக் குஞ்சை விடுவது

7 சென்டிமீட்டர் குஞ்சு சுமார் 4 கிராம். ஹெக்டேருக்கு 150 என்றால் 3000 குஞ்சு, மொத்தம் 12 கிலோ. மேலே 160 கிலோவுக்கு அலைந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஜீப்பின் பின்பக்கம் வைத்த சின்டெக்ஸ் தொட்டி போதும். வளர்க்கும் தீனிச் செலவை அணை ஏற்றுக்கொள்கிறது. ஆண்டு கடந்து ஐந்தில் ஒன்று பிழைத்தால் 600 மீன், துடுப்பு முழுதாக, சதை இறுகி, தூண்டிலில் தாவுகிற மீன்.

சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. குளிர்காலத்தில் சினை பிழிந்து பொரிக்க வைத்த குஞ்சு விரலளவுக்கு வருவது மே, ஜூன் வாக்கில். அப்போதுதான் அணைத் தண்ணீர் சூடாகவும் வற்றியும் இருக்கும், அடுத்த சில வாரங்களில் மறுகால் பாயும். பொரிப்பகம் "குஞ்சு ரெடி" என்று போன் பண்ணும் நேரமும் அணை வாங்கிக்கொள்ளத் தயாராகும் நேரமும் நான்கு மாதம் விலகி நிற்கின்றன. செப்டம்பர் கடைசி வரை குஞ்சைத் தொட்டியிலேயே வைத்திருக்கத் தீனியும் ஆளும் வேண்டும். வாரம் தவறாமல் அளவு பிரிக்கவும் வேண்டும், பிரிக்காவிட்டால் பெரியது சிறியதைத் தின்னும்.

அந்தக் காத்திருப்பிலும் ஒரு லாபம் உண்டு. 10 சென்டிமீட்டர் குஞ்சு 12 கிராம், 7 சென்டிமீட்டரைவிட மூன்று மடங்கு எடை. நீர்க்காகமும் பெரிய மீனும் உள்ள தண்ணீரில் 7 சென்டிமீட்டரில் 3000 விடுவதைவிட 10 சென்டிமீட்டரில் 1500 விடுவதே எங்கள் தேர்வு. விடும்போது மதகடியில் கொட்டிவிட்டுப் போகாமல், படகில் ஏற்றிப் பாசி படர்ந்த ஓடை முகங்களில், இருட்டும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

எண்ணிக்கையை ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். கருங்கல் மலைத் தண்ணீரில் சத்து குறைவு, பூச்சியும் குறைவு. அளவு மீறி விட்டீர்களா என்பதைப் பிடித்த மீனே சொல்லும். எடையைக் கிராமில் எடுத்து 100ஆல் பெருக்கி, நீளத்தைச் சென்டிமீட்டரில் மும்முறை பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். 30 சென்டிமீட்டர் மீன் 270 கிராம் இருந்தால் விடை 1, சரி. அதே நீளம் 230 கிராம் என்றால் 0.85. தலை பெருத்து வால் மெலிந்து பாம்பு மாதிரி இருக்கும். அடுத்த ஆண்டு பாதி விடுங்கள்.

கெண்டைவகை மீன் புகுந்த தண்ணீரில் இந்த வழி கவிழும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 2300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கம் இதற்குத் தெரிந்த உதாரணம். யூட்டா சப் என்ற கெண்டைக் குடும்பத்து மீன் பெருகி ட்ரவுட் குஞ்சின் இரையைப் பறித்ததால், 1961இல் ஒருமுறையும் 1990இல் ஒருமுறையும் மீனைக் கொல்லும் ரோட்டினோன் மருந்திட்டு மொத்த நீர்த்தேக்கத்தையும் துடைத்தார்கள். 1990க்குப் பிறகு பேர் ஏரி வகைக் கட்த்ரோட் ட்ரவுட்டை விட்டார்கள். வளர்ந்ததும் அது அந்தச் சப்பைத் தின்னும். அப்படியும் சப் திரும்பி வந்தது. அதைத் தின்னும் அளவுள்ள ட்ரவுட் தண்ணீரில் இருந்தாக வேண்டும் என்பதால் 38 முதல் 56 சென்டிமீட்டர் வரையுள்ள கட்த்ரோட்டைப் பிடித்தால் கட்டாயம் திரும்ப விட வேண்டும் என்று விதி போட்டார்கள். குடிநீருக்குப் போகும் நம் அணைகளில் மருந்திடுவது பேச்சுக்கே இடமில்லாதது. ஆகவே உயிர் மீனை இரையாகப் பயன்படுத்துவதை முதல் நாளிலிருந்தே தடை செய்யுங்கள். வாளியில் மிஞ்சியதை அணையில் கொட்டிவிட்டுப் போகும் ஒருவர் போதும்.

## ஓடையே பெற்றுத் தருவது

குஞ்சு வாங்கவே வேண்டாம், அதனால் இலவசம் என்று நினைக்கத் தோன்றும். மூன்றிலும் ஆள்வேலை அதிகம் கேட்பது இதுதான்.

ட்ரவுட் தேங்கிய நீரில் இனம் பெருக்காது, ஓடைக்கு ஏறியாக வேண்டும். அங்கே கோலிக்குண்டு முதல் எலுமிச்சை அளவு வரை கூழாங்கல் வேண்டும், கணுக்காலுக்கு மேல் தெளிந்த ஓட்டம் வேண்டும். பெண்மீன் வாலால் கல்லைக் கிளறிக் குழியில் முட்டையிட்டு மூடும். 10 டிகிரியில் பொரிக்க ஒரு மாதம், பிறகு மஞ்சள் கரு கரைந்து மேலே நீந்த இரண்டு மூன்று வாரம். இத்தனை நாளும் கல்லிடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீலகிரியில் இதைக் கெடுப்பது சரிவுகளில் இருக்கும் கேரட், உருளைத் தோட்டங்களின் வண்டல். வண்டல் ஒரு விரற்கடை படிந்தாலே முட்டை மூச்சுமுட்டிச் சாகும், வெளியே எதுவும் தெரியாது. அடுத்தது ரோட்டுக்கடியில் போகும் குழாய். அதன் வாய் ஓடை மட்டத்துக்கு ஒரு முழம் மேலே தொங்கினால் மீன் ஏறாது. கீழே கல் அடுக்கிக் குட்டை கட்டி மட்டத்தை உயர்த்த வேண்டும். மூன்றாவது, அணை வற்றும்போது ஓடை முகத்தில் சேறு விரிந்து தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவுவது. ஒற்றைக் கால்வாயாக வெட்டிவிட இரண்டு ஆள் ஒரு நாள் போதும், ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

திருட்டு வேறு. முட்டையிட ஏறிய மீனைக் கூடையால் அள்ளலாம். அந்த மூன்று மாதம் ஓடையைத் தூண்டிலுக்கு மூடிக் காவல் போட முடியாது என்றால் இந்த வழியை மறந்துவிடலாம்.

இதைவிடக் கனமான மறைமுகச் செலவு ஒன்று உண்டு. தானாகப் பெருகும் அந்நிய மீனைப் பிறகு நிறுத்த முடியாது. சோலை ஓடைகளின் தவளைக்குஞ்சும் சிறு மீனும் அதன் இரை. ட்ரவுட் இதுவரை ஏறாத ஓடைக்குப் புதிதாக வழி திறந்துவிடுவது எங்கள் பார்வையில் தவறு. பல ஆண்டுகளாக ஏற்கெனவே பெருகிவரும் இடத்தில் ஓடையைப் பராமரிப்பது மட்டுமே இந்தத் தலைப்புக்குள் வரும்.

## இடையில் ஒரு வழி: மலட்டுக் குஞ்சு

கருவுற்ற முட்டைக்குச் சில நிமிடம் கடும் அழுத்தமோ வெப்ப அதிர்ச்சியோ கொடுத்தால் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மீன் வரும். ட்ரிப்ளாய்டு என்பார்கள். இனம் பெருக்காது, சினைக்குச் சத்தை விரயம் செய்யாது. குஞ்சு விலை கூடுதல். சூடான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரைச் சாதாரண ட்ரவுட் அளவுக்குத் தாங்காது என்பதால் மே மாத அளவு சுமாராக இருந்தாலே வேண்டாம். கிடைத்தால், ஓடைகளைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு விரலளவுக் குஞ்சில் இதுவே முதல் தேர்வு.

## ஒரே பார்வையில்

| | வளர்ந்த மீன் | விரலளவுக் குஞ்சு | ஓடையில் பெருகுவது |
|---|---|---|---|
| மே மாதத் தண்ணீர் மோசம் | ஏற்கும் | ஏற்காது | ஏற்காது |
| முதல் மீன் தூண்டிலில் | அன்றே | ஓராண்டு | சில ஆண்டுகள் |
| மறுகால் இழப்பு | மழைக்குமுன் பிடித்தால் இல்லை | அதிகம் | நடுத்தரம் |
| மறைந்த செலவு | பல நடை லாரி | செப்டம்பர் வரை தீனி | காவல், வண்டல் |
| கெண்டை உள்ள இடம் | பரவாயில்லை | கவிழும் | கவிழும் |
| யாருக்கு | நாள் சீட்டுக் கூட்டம் | கிளப், எஸ்டேட் | காவல் இருக்கும் பழைய ட்ரவுட் ஓடை |

## பிடிக்கும் விதி எதோடு எது போகும்

வளர்ந்த மீன் விட்ட இடத்தில் பிடித்துத் திரும்ப விடச் சொல்வது அர்த்தமில்லை. புழு, ஸ்பின்னர் (இழுத்தால் சுழலும் தகட்டுப் போலி இரை), எதுவும் போடட்டும். ஆளுக்கு மூன்றோ நான்கோ என்று கணக்கு வைத்து எடுத்துப் போகட்டும். 3 முதல் 5 கிராம் ஸ்பின்னர், 0.20 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு போதும்.

குஞ்சு விட்டு வளர்த்த தண்ணீரில் புழுவைத் தடை செய்யுங்கள். புழுவை மீன் விழுங்கும், முள் தொண்டையில் இறங்கும். அப்படி விட்ட மீனில் மூன்றில் ஒன்று வரை சாகலாம். ஃப்ளையோ (இறகு, நூல் கட்டிய போலிப் பூச்சி) ஸ்பின்னரோ வாயோரத்தில் குத்தும், இழப்பு நூறில் ஐந்தாறு அளவுதான். முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் தண்ணீருக்குள்ளேயே கழற்றலாம். ஆழமாக விழுங்கியிருந்தால் முள்ளைத் தோண்டாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். மேல்நீர் 20 டிகிரியைத் தாண்டும் நாளில் பிடித்து விடுவதையும் நிறுத்துங்கள். நீந்திப் போகிற மீன் அன்று மாலையே செத்துக் கிடக்கும்.

எங்கே நிற்பது என்பதற்கும் அதே மே மாதப் பட்டியல்தான் வழிகாட்டி. குளிர் மாதங்களில் அதிகாலையில் ஓடை முகத்திலும், காற்று வந்து மோதும் கரையிலும், மிதக்கும் லைனில் (ஃப்ளை வீசும் தடித்த நூல்) கொசுப்புழு போலக் கட்டிய சிறிய நிம்ஃப் ஃப்ளை. வெயில் காலத்தில் அதே கரையில் நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் கிடைக்காது. மீன் 5 மீட்டரில் இருக்கிறது. படகில் போய், மூழ்கும் லைனைப் போட்டு இருபது வரை எண்ணி, மெல்ல இழுக்க வேண்டும். கடி விழுந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததும் அங்கேதான்.

## ட்ரவுட்டே வேண்டாம் என்ற தேர்வு

1700 மீட்டருக்குக் கீழே இருக்கும், ஆழம் 6 மீட்டரைத் தாண்டாத, கோடையில் பாதி வற்றும் அணைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் கண்ணாடிக் கெண்டை ஏற்கெனவே இருக்கும். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த மீன் அது. இருக்கிற கெண்டையையே தூண்டில் மீனாக நடத்தலாம். 0.30 மில்லிமீட்டர் நரம்பு, அடியில் கிடக்கும் ஈயம், அரைவேக்காட்டு உருளைக்கிழங்குத் துண்டு. இரண்டு நாள் முன்பே அதே இடத்தில் கொஞ்சம் இரை தூவி வைத்தால் கூட்டம் பழகும். குஞ்சுச் செலவு இல்லை, லாரியும் இல்லை. அந்தக் கெண்டையைப் பிடித்து மேலே இருக்கும் ட்ரவுட் அணையில் விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் யாரையும் நினைக்க விடாதீர்கள்.